ஓடாத கேம்பர் வேனுக்கு இரண்டு பேட்டரி: கேள்வி–பதில்

கேம்பர் வேன் என்றால் உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள வேன். முதல் பேட்டரி (ஸ்டார்ட்டர் பேட்டரி) எஞ்சினைக் கிளப்ப, இரண்டாவது உள்ளே விளக்கு, ஃபேன் போன்றவற்றுக்கு.

இரண்டாவது பேட்டரி 12.9 வோல்ட் காட்டுகிறது. நிறைந்துவிட்டதா? (சேலம்)

எந்த வகை பேட்டரி என்று எழுதவில்லை. சார்ஜரைக் கழற்றி எவ்வளவு நேரம் கழித்து அளந்தீர்கள் என்பதும் இல்லை. ஈய அமில பேட்டரி என்றால் ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் அளந்து பாருங்கள். 12.7 வந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதே 12.9 லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் வந்தால், மிச்சம் கால்வாசியோ அதற்கும் குறைவோதான். வகை தெரியாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

வருடத்தில் நான்கைந்து முறைதான் வெளியே போகிறோம். வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். ஆனாலும் இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரியும் போய்விட்டன. தரம் குறைந்த பேட்டரியா? (கோயம்புத்தூர்)

பேட்டரியைத் திட்டாதீர்கள். இந்தப் 'பத்து நிமிட' வைத்தியத்தை யார் கிளப்பிவிட்டார்களோ, மாதம் தவறாமல் எனக்கு இதே கடிதம் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். வேன் சும்மா நிற்கும்போதும் அலாரம், கடிகாரம், கணினிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அதை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், மாதத்துக்கு ஏறக்குறைய 36. உங்களுடையது 70 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்று வைத்துக்கொண்டால், பாதி போயிற்று. நின்ற இடத்திலேயே எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தயாரித்து பேட்டரியை ஏற்றும் கருவி) தன் முழுத் திறனைக் கொடுக்காது. கொடுத்தாலும், ஈய அமில பேட்டரியின் கடைசி 20 சதவீதம் ஏற நாலைந்து மணி நேரம் ஆகும். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஆகவே பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே கிடக்கிறது, தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுகிறது. அப்படித்தான் சாகிறது.

இரண்டாவது பேட்டரியின் கதி இன்னும் மோசம். முதல் பேட்டரி 13.3 வோல்ட்டைத் தொட்ட பிறகே, இரண்டுக்கும் நடுவே இருக்கும் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் இரண்டாவதை இணைக்கும். பத்து நிமிடத்தில் அதற்கு என்ன மிஞ்சும்? புதிய பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரே வோல்ட்டைக் குறைத்துவிடும் என்பதால் ரிலே போதாது, குறைந்த வோல்ட்டை உயர்த்தி இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கும் டிசி–டிசி சார்ஜர் வேண்டும். போதாக்குறைக்கு, சூடேறாத எஞ்சினில், எஞ்சின் ஆயிலோடு டீசல் கலக்கும், சைலன்சரில் தண்ணீர் தேங்கும்.

நிறுத்தும் இடத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால், தானாகக் கட்டம் மாறும் சார்ஜரை இரண்டுக்கும் தனித்தனியாக மாட்டிவிடுங்கள்: 14.4 வரை ஏற்றி, பிறகு சுமார் 13.5-க்கு இறங்க வேண்டும். கடையில் கிடக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை மாட்டி மறந்தால் பேட்டரி கொதித்து வற்றிவிடும். பிளக் இல்லையென்றால் 50 வாட் சோலார் பேனலும், சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் போதும், வேன் மரநிழலில் நிற்காதவரை. எஞ்சினை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரியை வேனில் வைக்கலாமா? (மதுரை)

வேண்டாம். மேடுபள்ளத்தில் அமிலம் சிந்தும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். அதைப் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டா தூங்கப் போகிறீர்கள்?

குளிர்காலம் முழுவதும் வேன் வெளியே நிற்கும். இரண்டாவது பேட்டரி லித்தியம். என்ன செய்ய வேண்டும்? (டொராண்டோ)

பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. கூரை சோலார் பேனல் உங்களைக் கேட்காமலே சார்ஜ் செய்யும், அதைக் கழற்றுங்கள். பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து எல்லா இணைப்பையும் பிரித்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் பேட்டரி ஈய அமிலம் என்றால் நேர் எதிர்: முழுதாக ஏற்றி வையுங்கள். நிறைந்தது உங்கள் ஊர்க் குளிரிலும் உறையாது. காலியானது மைனஸ் 10-க்குள் உறைந்து, பெட்டி வெடித்துப் பிளந்துவிடும்.

புதிய பேட்டரியோடு பழையதையும் சேர்த்து இணைக்கலாமா? (திருச்சி)

கூடாது. பழையது புதியதையும் கெடுக்கும். முதல் பேட்டரியிலிருந்து இரண்டாவதற்குப் போகும் கேபிளின் இரு முனையிலும், பேட்டரிக்கு அருகே, ஃபியூஸ் இருக்கிறதா? கேட்காமலே சொல்கிறேன்.

ஈய அமில பேட்டரியில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? (ஈரோடு)

கூடாது, டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றுங்கள். மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகு. முன்பே நிரப்பினால் பொங்கி வழியும்.