ஒரே ஏரி, ஒரே காற்று: ஒரு கிளையில் மட்டும் அலை ஏன்?

கேள்வி: கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் படகு ஓட்டிப் பழகி வருகிறேன். ஆடிக் காற்றின்போது ஏரியின் ஒரு கிளை அசையாமல் கிடக்க, இன்னொரு கிளையில் படகு நிலைகொள்ளாமல் ஆடுகிறது. கல்சுவர் ஓரத்தில் ஆட்டம் இன்னும் கூடுகிறது. ஆழம் குறைவாக இருப்பதுதான் காரணமா? நான் எந்தப் பக்கம் ஓட்டுவது நல்லது?

பதில்: ஆழத்தின் மேல் பழி போடுவது வழக்கந்தான், ஆனால் இங்கே அதன் பங்கு சிறியது. அலையின் அசைவு, அலைநீளத்தில் பாதியளவு ஆழத்துக்குக் கீழே ஏறத்தாழ அடங்கிவிடும். உங்கள் ஏரியில் எழும் அலைகளில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே பெரும்பாலும் 2 மீட்டர்கூட இராது. ஆகவே ஒரு மீட்டருக்குமேல் தண்ணீர் நிற்கும் இடத்தில், அடியில் தரை இருப்பதே அலைக்குத் தெரியாது.

உண்மையான காரணம், காற்று தடையின்றி நீரின்மேல் ஓடிவரும் தூரம். 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியில் ஓடையை மறித்து உருவாக்கப்பட்ட இந்த ஏரியில், பள்ளத்தாக்கின் மடிப்புகளுக்குள் நீர் ஏறி நின்றதால்தான் விண்மீன் போன்ற வடிவம் வந்தது. காற்றின் போக்கிலேயே நீண்டு கிடக்கும் கிளையில் அலை வளர இடமுண்டு. குறுக்கே கிடக்கும் கிளையிலோ கரை மேடும் மரங்களும் காற்றை மறிப்பதோடு, மிஞ்சி வரும் காற்றுக்கும் ஓடத் தூரம் கிடைப்பதில்லை. மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று அரை கிலோமீட்டர் ஓடினால், கணக்குப்படி 10 செ.மீ.யைச் சற்றே தாண்டிய அலைதான் எழும். உயரம் அற்பமானதே. ஆயினும் கடலலையைப் போல நிதானமாகத் தூக்கி இறக்காமல், நொடிக்கு ஒன்றாக, குட்டையாகவும் நெருக்கமாகவும் வந்து இடிப்பதால் சிறு படகு தடுமாறுகிறது.

சுவரோரத்துக் கதை வேறு. செங்குத்தான சுவர் அலையை அப்படியே திருப்பி அனுப்ப, வருவதும் திரும்புவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் நீர் ஏறத்தாழ இருமடங்கு எழும்புகிறது. சரிவான புல்கரையிலோ, நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே அதிகம் என்ற அளவுக்குக் குறையும்போது அலை உடைந்து அடங்கிவிடும். ஆழத்துக்கு வேலை இருப்பது அந்த விளிம்பில் மட்டுமே.

உண்மையில் நான் அஞ்சுவது அலைக்கு அல்ல, காற்றுக்கு. 2,000 மீட்டருக்கு மேலான இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றாலும், அதன் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடுகிறது. மலை முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று திசைமாறியும் அடிக்கும். எனவே முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள்; கை ஓய்ந்தபின் அதுவே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டி ஓட்டுங்கள், சுவரிலிருந்து சில படகு நீளம் விலகியிருங்கள், உயிர்காப்பு உடுப்பைக் கழற்றாதீர்கள். நீர்ப்பரப்பில் கருத்த திட்டு ஒன்று உங்களை நோக்கி ஓடிவந்தால், அது வரப்போகும் வீச்சின் தடம். அது படகைத் தொடுவதற்குள் முனையை அதை நோக்கித் திருப்பி, எழுந்து நிற்காமல் தாழ உட்கார்ந்துகொள்ளுங்கள்.