பன்றி ரூபாயும் பதில் சொல்லாத விற்பனையாளரும்: ஆன்லைன் நாணய ஏலம் பற்றிய கேள்வி பதில்

ஆன்லைன் ஏலத்தில் பழங்காசு எடுக்கும் சேலத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் ஊர் மட்டும்.

அம்மாபேட்டை: அண்ணா, 1911 ஜார்ஜ் மன்னர் ரூபாய் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் டச் (உலோகத்தின் தூய்மை) பார்த்தேன், வெள்ளி சரியாக இருக்கிறது. எடையும் 11.66 கிராம். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. விற்றவர் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார். போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது தம்பி. போட்டோவில் வருடத்தைப் பார்க்காதீர்கள், மன்னரின் மேலங்கியைப் பாருங்கள். அதில் ஒரு குட்டி யானை இருக்கும். 1911இல் அடித்த ரூபாயில் அதன் தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பார்ப்பதற்குப் பன்றி மாதிரி தெரிந்தது. அது பெரிய சர்ச்சையாகி, வெளியே விடாமல் இருந்த காசுகளை உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கையை நீட்டிப் புது அச்சு போட்டார்கள். அதனால்தான் 1911க்குத் தனி விலை. உங்கள் காசில் தும்பிக்கை நீளமாக, தெளிவாகத் தொங்குகிறது. அப்படியானால் இது பிந்திய வருடத்துக் காசு. கடைசி எண்ணைச் சுற்றி மட்டும் பரப்பு வழுவழுவென்று இருப்பதைப் பார்த்தால், 1917இல் கடைசியில் உள்ள 7ஐச் சீவி 1 ஆக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளியும் எடையும் சரியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, காசு நிஜம்தான். வருடம்தான் பொய். முழுப் போலியாகவே இருந்தாலும், கேட்ட டச்சில் வெள்ளி உருக்கித் தருகிற ஊர் நம்மூர். டச் மெஷின் உலோகத்தைச் சொல்லும், எந்த வருடம் அடித்தது என்று சொல்லாது.

இனி பணத்துக்கு வருவோம். ‘1911 ரூபாய்’ என்று எழுதி விற்றால் வந்து சேர்வது 1911 ரூபாயாக இருந்தாக வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வர்ணனை சொல்லி விற்கும் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற ஒரு வரியைக் காட்டி அதிலிருந்து நழுவிவிட முடியாது. முதலில் ஏலப் பக்கத்தை லாட் எண்ணோடு (ஏலப் பொருளின் எண்) ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அது இன்றைக்கே நடக்கட்டும். நாளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்புறம் ஏலத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதிலும் நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். கடைசியாகச் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

அடுத்த முறை பார்சலைப் பிரிக்கும்போது, ஒட்டிய டேப்பை அறுப்பதிலிருந்து காசைத் தராசில் வைப்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். ‘நீங்களே காசை மாற்றிவிட்டீர்கள்’ என்பதுதான் எல்லா விற்பனையாளரும் சொல்லும் முதல் பதில்.

ஓமலூர்: சார், கடைசி நேரத்தில் ஒரே ஐடி விலையை ஏற்றிக்கொண்டே போகிறது. அந்த ஐடிக்கே ஏலம் முடிகிறது. பத்து நாளில் அதே காசு மறுபடி ஏலத்துக்கு வருகிறது. இது என்ன கணக்கு?

ஆள் வைத்து ஏற்றிவிடும் கணக்குதான், வேறென்ன? கொங்கணாபுரம் பருத்தி ஏலத்தில் வியாபாரி பஞ்சைப் பிய்த்துப் பார்த்து விலை சொல்கிறார், அவர் யாரென்று விவசாயிக்கும் தெரியும். இங்கே சரக்கும் தெரிவதில்லை, எதிரே கேட்கும் ஆளும் தெரிவதில்லை.

இதற்கும் அதே 1930 சட்டத்தில் 64ஆம் பிரிவு இருக்கிறது. ‘நானும் ஏலம் கேட்பேன்’ என்று விற்பவர் முன்பே அறிவிக்காமல், தானோ தன் ஆளை வைத்தோ கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியாகக் கருதலாம். பொய்யாக ஏலம் கேட்டு விலையை ஏற்றினால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். குறைந்தபட்ச விலை வைத்திருப்பதாக அறிவிப்பது மட்டும் தப்பில்லை.

நிரூபிப்பதுதான் கஷ்டம். எந்த ஐடி எப்போது கேட்டது என்ற பட்டியலை ஏலம் முடிந்த பிறகும் காட்டுகிற தளத்தில் மட்டும் ஏலம் கேளுங்கள். மறைக்கிறவர்கள் எதற்காக மறைக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காசு திரும்ப வந்தது உடனே தெரிய, அதன் கீறலை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பழங்காசுக்கும் கைரேகை மாதிரி தனிக் கீறல் உண்டு.

கொண்டலாம்பட்டி: காசைப் பிளாஸ்டிக் டப்பாவில் சீல் போட்டு, கிரேடு (தர எண்) எழுதி வருகிறதே, அதை நம்பலாமா?

வெறும் காசை விட நம்பலாம். ஆனால் டப்பாவுக்கும் போலி வந்துவிட்டது. டப்பாவில் இருக்கும் சான்று எண்ணை அந்தக் கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, நிஜக் காசின் எண்ணையே காப்பி அடித்திருப்பார்கள். தளத்தில் படம் இருந்தால், அதிலிருக்கும் கறையும் கீறலும் கையில் இருக்கும் காசோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கிரேடு 1 முதல் 70 வரை. எண்ணுக்குப் பதில் ‘டீடெயில்ஸ்’ என்று எழுதியிருந்தால் காசு நிஜம், ஆனால் யாரோ துலக்கியோ கெடுத்தோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். நம்மூரில் கொலுசுக்குப் போடும் பாலிஷைக் காசுக்கும் போட்டுவிட்டு ‘பளபளன்னு இருக்கு’ என்று பெருமையாக அனுப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஆத்தூர்: அண்ணா, எங்கள் அம்மாவிடம் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறது. ரிசர்வ் வங்கி ஏலத்தில் ஐந்து லட்சம் கிடைக்கும், முதலில் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று போன் வந்தது.

அனுப்பவே அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி பழைய காசோ நோட்டோ ஏலம் விடுவதில்லை, கமிஷனும் கேட்பதில்லை. தன் பெயரில் இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அதுவே எச்சரிக்கை விட்டது. ஏற்கெனவே அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

ஏற்காடு: காப்பித் தோட்டத்தில் குழி வெட்டும்போது சின்னக் கலயத்தில் காசுகள் கிடைத்தன. ஏலத்தில் போடலாமா?

கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் கண்டெடுத்தவருக்குப் பங்கு கிடைக்க வழி இருக்கிறது. மறைத்தால் அந்தப் பங்கும் போகும், தண்டனையும் வரும். கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள், கலயத்தோடு அப்படியே வையுங்கள்.

சூரமங்கலம்: அச்சே விழாத எஃகு வட்டு ஒன்றை ‘அரிய மின்ட் எரர்’ (நாணயசாலையில் தவறாக வந்த காசு) என்று விற்கிறார்கள்...

நம்மூர் உருக்காலையே நாணயசாலைகளுக்கு வட்டு வெட்டிக் கொடுத்த ஆலை என்பது உங்களுக்குத் தெரியும். எஃகுத் தகடு இருந்தால் யாரும் வட்டு வெட்டலாம். அது நாணயசாலைக்குள் போய் வந்தது என்று விற்பவர் எதை வைத்துக் காட்டுவார்? விட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டி: ஐயா, கடைசியாக, எந்த விற்பனையாளரை நம்பி ஏலம் கேட்பது?

ஸ்டார் ரேட்டிங்கை நான் பார்ப்பதே இல்லை. பத்து ரூபாய்க் காசு விற்றே ஐந்து ஸ்டார் சேர்த்துவிடலாம். நான் கேட்பது மூன்று விஷயம்தான். முழுப் பெயரும் முகவரியும் போட்ட பில் தருவாரா? போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் தருவாரா? நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள் என்பதால், அதை வியாபாரமாகச் செய்ய 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வேண்டிய உரிமம் இருக்கிறதா? அத்தகைய காசை வெளிநாட்டுக்கு அனுப்பவும் தயார் என்று சொல்பவரிடம் ஒதுங்கியே இருங்கள். அந்தச் சட்டப்படி தனியார் யாரும் அனுப்பக் கூடாது.

இந்தக் கேள்விகளை ஏலத்துக்கு முன்பே மெசேஜில் கேளுங்கள், போனில் வேண்டாம். ‘நம்பிக்கை இருந்தா எடுங்க சார்’ என்று பதில் வந்தால் எடுக்காதீர்கள்.