பிள்ளையை மட்டும் பெயர்த்து எடுக்கலாமா?

கேள்வி: வறுமையும் அடிதடியும் போதையும் மலிந்த குடியிருப்புகளில் பிறக்கும் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே அங்கிருந்து எடுத்து, நல்ல இடத்தில் விடுதி கட்டி அரசே வளர்த்தால் என்ன? பெற்றோர் பாசம் என்று சொல்லியே ஒரு தலைமுறையை வீணடிக்கிறோமே?
– வாசகர் ஒருவர்

பதில்: வளரும் இடம் பிள்ளையின் எதிர்காலத்தை மாற்றும் என்கிறீர்கள். உண்மைதான், ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரம் உங்கள் விடுதிக்கு ஆதரவாக இல்லை.

அமெரிக்க அரசு 1994-ல் ஐந்து பெருநகரங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. அரசுக் குடியிருப்புகளில் வசித்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. குலுக்கலில் தேர்வான ஒரு பிரிவினருக்கு வாடகை உதவி கிடைத்தது. வறுமை குறைந்த பகுதியில் வீடு பிடித்தால்தான் அந்த உதவி. பிற்பாடு ராஜ் செட்டி முதலிய பொருளியலாளர்கள் அந்தப் பிள்ளைகளின் வருமானத்தை அலசினார்கள். 13 வயதுக்கு முன்பே இடம் மாறியவர்கள், இருபதுகளின் நடுவில், பழைய இடத்திலேயே வளர்ந்தவர்களைவிட ஏறக்குறைய 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்குமேல் வளர்ந்த பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பழகிய ஊரையும் சிநேகிதர்களையும் விட்டுப் போவதில் ஓர் இழப்பும் இருக்கிறதல்லவா?

அந்தச் சோதனையில் இடம் மாறியது பிள்ளை மட்டும் அல்ல, குடும்பம். அம்மாவும் தம்பி தங்கைகளும் சேர்ந்தே போனார்கள்.

பிள்ளையை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1951-ல் டென்மார்க் அரசு தன் ஆளுகையில் இருந்த கிரீன்லாந்திலிருந்து, இனுயிட் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த 22 குழந்தைகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனது. நல்ல டேனிஷ் குடிமக்களாக வளர்த்துத் திருப்பி அனுப்புவதாகத் திட்டம். அடுத்த ஆண்டு 16 பேர் திரும்பினார்கள். துறைமுகத்தில் ஒரு சிறுமி அம்மாவைக் கட்டிக்கொண்டு படபடவென்று பேசினாள். அம்மா பதில் சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. தாய்மொழி போயிருந்தது. அதன் பிறகும் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. பெற்ற தாய் உயிரோடு இருக்க, அநாதை விடுதியில் வைத்தார்கள். டென்மார்க் பிரதமர் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2020-ல். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் இப்படிப் பிரித்தெடுத்தார்கள். அங்கே மன்னிப்பு 2008-ல் வந்தது. இரண்டு இடத்திலும் சொன்ன காரணம் நீங்கள் சொல்வதேதான்: குழந்தையின் நன்மை.

சரி, அன்பாக நடத்தும் நல்ல விடுதி என்றால்? ருமேனியாவில் 2000-ல் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். அரசுக் காப்பகங்களில் இருந்த 136 மழலைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களின் அறிவுத்திறன் காப்பகத்திலேயே விடப்பட்டவர்களைவிட மேலாக இருந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். மூன்று ஷிப்ட்டில் மாறி மாறி வரும் ஊழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நள்ளிரவில் காய்ச்சலோடு விழித்து அழும் குழந்தைக்கு அவர் நேற்று இருந்தவர் அல்ல.

அடி, உதை, பாலியல் கொடுமை நடக்கும் வீட்டிலிருந்து ஒரு குழந்தையை மீட்பது வேறு விஷயம். அதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் அது அந்த ஒரு குழந்தையின் நிலையை விசாரித்து, நீதிமன்றத்தின் பார்வையில் எடுக்கும் முடிவு. தெருப் பெயரைப் பார்த்து எடுக்கும் முடிவு அல்ல. ஏழையாக இருப்பது குற்றமா என்ன?

விடுதிக்குக் கட்டடம், வார்டன், சமையல், காவல் என்று செலவழிக்கப் பணம் இருக்கிறதென்றால், அதை வாடகையாக அந்தக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். அப்புறம், அதுவும் எல்லோருக்கும் போதாது. அமெரிக்கச் சோதனையில் வறுமை குறைந்த பகுதிக்கான உதவி கிடைத்தவர்களில் பாதிப் பேரால்கூட வீடு மாற முடியவில்லை. அவர்கள் இருக்கும் இடத்திலேயே நல்ல பள்ளியும் தெருவிளக்கும் பாதுகாப்பும் வந்தாக வேண்டும்.

பெற்றோர் பாசம்தான் தடை என்கிறீர்கள். அந்த அமெரிக்கச் சோதனையில் சேரப் பெரும்பாலான பெற்றோர் சொன்ன முக்கியக் காரணம், ரவுடிக் கும்பல்களிடமிருந்தும் போதையிலிருந்தும் தப்ப வேண்டும் என்பதே. பிள்ளையை அங்கிருந்து வெளியே கொண்டுவர உங்களுக்கு முன்பே துடித்தவர்கள் அவர்கள்தான்.