‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ பாலியல் தடைகளை உடைத்த படம் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் படித்தேன். அறைத்தோழர் சொன்னாரென்று பார்த்தீர்கள், கதை எங்கெங்கோ ஓடுகிறது, ஓர் ஆண் பெண்களின் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார், இதில் எதை உடைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் ராத்திரியில் தனியாக, லேப்டாப்பில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்திருப்பீர்கள். அப்படிப் பார்த்திருந்தால் எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

நான் சினிமா விமர்சகர் இல்லை. செய்யாறு பக்கத்துக்காரி, கல்யாணமாகி நியூஜெர்சி வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். 1975-ல் வந்த, பாட்டும் ஆட்டமும் நிறைந்த இந்த ஆங்கிலப் படம் முதலில் என்னிடம் ஒரு துணியாகத்தான் வந்தது.

2011 அக்டோபர். எங்கள் அபார்ட்மென்ட்டில் மேல் வீட்டில் ஓர் அமெரிக்கப் பையன், பத்தொன்பது வயது இருக்கும். மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். இங்குள்ள நம் பிள்ளைகளைப் பார்த்து அவனும் என்னை ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கதவைத் தட்டினான். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே கறுப்பில் சமிக்கி வைத்த ஒரு கோர்செட். நம் ஊர் பாடி மாதிரி, ஆனால் உள்ளே வரிசையாகக் கம்பி வைத்து, முதுகில் நாடா போட்டு இறுக்குவது. “எனக்குத்தான் ஆண்ட்டி. நாடகத்துக்கு. என் அளவுக்கு மாற்றித் தர முடியுமா?” என்றான். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தையல் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைப்பதுதான் வழக்கம். அளவுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். சரி என்று இன்ச் டேப்பை எடுத்தேன். ஓர் ஆண்பிள்ளைக்கு மார்பும் இடுப்பும் அளந்து கோர்செட் சரி செய்வது எனக்கு அதுதான் முதல்தடவை. என் வீட்டுக்காரர் ஹாலில்தான் இருந்தார். பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விரித்து நின்றான். “எவ்வளவு இறுக்கம் வேண்டும்? பாடும்போது மூச்சு விட வேண்டாமா?” என்று கேட்டேன். அப்போதுதான் கண்ணைத் திறந்தான். பாட மாட்டார்களாம். பின்னால் திரையில் படம் ஓடும்போது முன்னால் நின்று அதே உடையில், அதே உதட்டசைவோடு நடிப்பார்களாம். நிழல் குழு என்று பெயர். அப்போதும் அரை இன்ச் தளர்த்தித்தான் வைத்தேன். ஆடவாவது மூச்சு வேண்டுமே.

நாலு ராத்திரி பிடித்தது. சமிக்கித் துணியில் மிஷினை நேராக ஓட்ட முடியாது, ஊசி சமிக்கியில் பட்டால் முறிந்துவிடும். தையல் போகிற வழியில் இருக்கும் சமிக்கியை ஒவ்வொன்றாக எடுத்து, தைத்து முடித்தபின் கையால் மறுபடி கோத்து வைக்க வேண்டும். பெண் உடம்புக்கு வெட்டிய துணி என்பதால் மார்புக் கப்பில் துணி தொங்கியது, டக் பிடித்து உள்ளே எடுத்தேன். அவனுக்கு உடம்பு நீளம், விலா அகலம். இரண்டு பக்கமும் பிரித்துப் பட்டி வைத்தேன்.

காசு வாங்கினேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் எட்டு மணி நேரம் நிற்கிற அந்தப் பையன் கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்தான். ஆனால் நம் ஆட்களில் சிலர் ஆறு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, நாலு புடவைக்கு ஃபால்ஸும் அடித்து வாங்கிக்கொண்டு, “உங்களிடம் காசு பேசுவதா, அக்கா தங்கை மாதிரிப் பழகுகிறோம்” என்பார்கள். டாக்டரிடமோ வக்கீலிடமோ போய் அப்படிச் சொல்வார்களா? தையல் என்றால் பொழுதுபோகாமல் செய்வது என்ற நினைப்பு. என் கண்ணும் முதுகும் போனது எனக்குத்தானே தெரியும். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நடுராத்திரிக் காட்சிக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். வாசலிலேயே முதல்தடவை வருகிறவர்களைப் பிடித்து நெற்றியில் லிப்ஸ்டிக்கால் ஓர் எழுத்துப் போடுகிறார்கள். நான் பொட்டு வைத்திருந்தேன். போட வந்த பெண் அதைப் பார்த்ததும் அழிக்காமல் என் கன்னத்தில் போட்டாள். படத்தின் கதை ஒரு கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது. உடனே அரங்கத்தில் அரிசி பறந்தது. என் வீட்டுக்காரர் “அட்சதை” என்றார். மழைக் காட்சியில் கதாநாயகி தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடிக்கிறாள், அரங்கமே செய்தித்தாளைப் பிடிக்கிறது. பின்னாலிருந்து துப்பாக்கிப் பொம்மையில் தண்ணீர் அடிக்கிறார்கள். திரையில் ஒருவர் வசனம் பேசுவதற்குள் கூட்டம் பதில் சொல்லிவிடுகிறது.

ஆண் பெண் உடையில் வருவது எனக்குப் புதிதில்லை. தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவள் நான். திரௌபதி வேடம் கட்டுகிறவர் ஆண்தான், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. ஆனால் கூத்தில் அவர் பெண்ணாக வருகிறார், விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இந்தப் படத்தில் நடிகர் டிம் கரி செய்யும் ஃபிராங்க் பாத்திரம், மழையில் ஒதுங்க வந்த ஜோடி மாட்டிக்கொள்ளும் மாளிகையின் சொந்தக்காரர். அது பெண் வேடமே இல்லை. பெண் உடையை விரும்பிப் போட்டுக்கொண்டு, ஆணையும் பெண்ணையும் ஆசைப்பட்டு, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நிற்கிறவர். அதற்கு முந்தைய ஹாலிவுட் படங்களில் இப்படிப்பட்டவர் வந்தால் ஒன்று கொலைகாரராக வருவார், இல்லை தற்கொலை செய்துகொள்வார், இல்லை சிரிப்புக்கு வருவார். இவர் லிஃப்ட்டில் இறங்கி வரும்போது இவரைச் சுற்றித்தான் வீடே ஆடுகிறது. 

அது எந்தக் காலம் என்று பாருங்கள். இங்கிலாந்தில் இரண்டு ஆண்கள் தனிமையில் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று சட்டம் மாறியதே 1967-ல். மேடை நாடகங்களுக்கு அரசுத் தணிக்கை போனது 1968-ல். அந்த இரண்டும் நடந்து ஐந்தாறு வருடத்துக்குள், 1973 ஜூனில், லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரின் மாடியில், சுமார் 60 பேர் மட்டுமே உட்காரும் அறையில் இந்தப் படத்துக்கு மூலமான நாடகம் அரங்கேறியது. எழுதியவர் ரிச்சர்ட் ஓபிரையன். நியூசிலாந்தின் ஹாமில்டன் ஊரில் முடிதிருத்துபவராக இருந்தவர், படத்தில் கூன் விழுந்த வேலைக்காரராகவும் நடித்திருக்கிறார். தன்னை முழு ஆணாகவும் சொல்ல முடியாது, முழுப் பெண்ணாகவும் சொல்ல முடியாது என்று பின்னாளில் வெளிப்படையாகப் பேசியவர்.

1974 கடைசியில் படப்பிடிப்பு. அதே 1974-ல் சிகாகோவில் இரண்டு பேர் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது கைதானார்கள். எதிர்ப்பாலினத்தின் உடையை அணிந்திருந்தார்கள் என்பது குற்றம். துணிக்கென்றே ஒரு சட்டம். 1978-ல்தான் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அவர்கள் தண்டனையை ரத்து செய்தது. தையல்காரியாக எனக்கு இது நெஞ்சில் தைத்தது. ஒரு துணியை யார் போடலாம் என்று போலீஸ் சொல்கிற காலத்தில், இந்தப் படம் கடைசியில் ஒரு காரியம் செய்கிறது. ஃபிராங்கிடம் மாட்டிக்கொண்ட நாலு பேரும், ஒழுங்கான மாப்பிள்ளை பிராட், அவனுக்கு நிச்சயமான ஜேனட், இன்னொரு பெண், இன்னோர் ஆண், எல்லோரும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோர்செட்டும் வலைக் காலுறையும் போட்டு மேடையில் வருகிறார்கள். நாலு உடம்பு, ஒரே உடை. அது யாருக்காக வெட்டிய துணி என்று கேட்க ஆளில்லை. லேப்டாப்பில் அந்த இடத்தை நீங்கள் வேகமாக ஓட்டியிருப்பீர்கள். மறுபடி பாருங்கள். 

ஜேனட்டும் முக்கியம். ஆரம்பத்தில் அவள் கட்டுப்பெட்டிப் பெண். பாதிப் படத்தில் அவளே, தனக்கு ஆசை இருக்கிறது, இதுவரை முத்தத்தைத் தாண்டியதில்லை என்று வாய்விட்டுப் பாடுகிறாள். நாற்பது வயதுப் பெண்ணாக உட்கார்ந்து அதைக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் அவள் பெயர் வரும்போதெல்லாம் அரங்கமே ஒரு கெட்ட வார்த்தையைக் கத்துகிறது. வழக்கமாம். வழக்கமாக இருந்தாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

கலாசாரத்தைக் கெடுக்கிறாள் என்று கருத்துப் பெட்டியில் எழுத வருகிறவர்களுக்கு: நான் இதைக் குடும்பத்தோடு பாருங்கள் என்று சொல்லவில்லை. குறையே இல்லாத படம் என்றும் சொல்லவில்லை. ஃபிராங்க் இருட்டில் பிராட் மாதிரி வந்து ஜேனட்டை ஏமாற்றுகிறார், ஜேனட் மாதிரி வந்து பிராட்டை ஏமாற்றுகிறார். அது சம்மதம் ஆகாது, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கொலையும் செய்கிறார். அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் வார்த்தைகள் இன்றைய திருநர்கள் பலருக்கு வலிக்கும் வார்த்தைகள், அவர்கள் அப்படிச் சொன்னால் அவர்கள் பக்கம்தான் நான். கடைசியில் பழைய சினிமா வழக்கப்படி அவரையும் சுட்டுக் கொன்றுதான் முடிக்கிறார்கள். 

அப்படியானால் தடையை உடைத்தது எது? என் அனுபவத்தில், பார்க்க வந்த கூட்டம். 1975-ல் படம் வெளியானபோது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தியேட்டரைத் தவிர எங்கும் சரியாக ஓடவில்லை. 1976 ஏப்ரல் 1 அன்று நியூயார்க் கிரீன்விச் வில்லேஜில் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். 1969-ல் ஓரினச்சேர்க்கையாளர்கள் போலீஸை எதிர்த்துக் கலவரம் செய்த ஸ்டோன்வால் மதுவிடுதி அங்கிருந்து நடக்கிற தூரம். ஆணும் ஆணும் உறவு கொள்வது அப்போதும் நியூயார்க் மாநிலச் சட்டப் புத்தகத்தில் குற்றம், 1980-ல்தான் நீதிமன்றம் அதைத் தூக்கியது. வந்தவர்களே மறுபடி மறுபடி வந்தார்கள், திரையோடு பேச ஆரம்பித்தார்கள், அப்புறம் அந்த உடையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லாமலே, உடம்பில் போட்டுப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது. கேட்டால் சினிமா வேடம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பையன் என்னிடம் “நாடகத்துக்கு” என்று சொன்னது அதனால்தான்.

ஃபிராங்க் கடைசியில் வீட்டுக்குப் போகிறேன் என்று பாடும் இடத்தில் அரங்கத்தில் கூச்சல் அடங்கியது. திரையில் டிம் கரியின் கண்மை கரைந்து வழிகிறது. கீழே என் மாடி வீட்டுப் பையனுக்கும் வழிந்தது, அவனுக்கு அது நடிப்பில்லை. முன் வரிசையில் தாடி வைத்த ஒரு பெரியவர், வலைக் காலுறை போட்டவர், கையைத் தூக்கி மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார். கோர்செட் எங்கும் தூக்கவில்லை, பக்கத்துத் தையல் நின்றது. என் வீட்டுக்காரர் காரில் வரும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “பிள்ளை நன்றாக இருந்தான்.”

எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பையனின் அம்மா அதற்கு முன் ஜன்னல் திரையும் பேன்ட்டும் ஓரம் அடிக்க என்னிடம்தான் கொண்டு வருவார். விஷயம் தெரிந்தபின் வரவில்லை. படிக்கட்டில் பார்த்தால் சிரிப்பார், நிற்க மாட்டார். அடுத்த வருடம் பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

உங்கள் ஊரில் நள்ளிரவுக் காட்சி இருந்தால் அறைத்தோழரோடு போய்ப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் நிறைய இடங்களில் போடுவார்கள். செய்தித்தாள் எடுத்துப் போங்கள். அரிசியை மட்டும் கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள், பல தியேட்டர்களில் பெருக்க முடியவில்லை என்று தடை போட்டிருக்கிறார்கள்.