விவாதத்தில் எல்லோரும் ஒரே பதிலை எழுதினால்?

கேள்வி: பி.காம். இணையவழிப் படிப்பில் 60 மாணவர்களுக்கு மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் பாடம் நடத்துகிறேன். வாரம் ஒரு விவாதக் கேள்வி போடுகிறேன். முதலில் இரண்டு பேர் எழுதுகிறார்கள்; மற்றவர்கள் அதையே திருப்பி எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? – கல்லூரி ஆசிரியை, திருச்சி

பதில்: முதலில் கேள்வியை மாற்றுங்கள். 'ஜி.எஸ்.டி.யின் நன்மைகள் யாவை?' என்றால் முதல் ஆள் எழுதியதோடு விஷயம் தீர்ந்தது. 'உங்கள் ஊர்க் கடை பில் ஒன்றை எடுத்து, அதில் வரி போட்டிருக்கும் விதத்தை விளக்குங்கள்' என்று கேளுங்கள். ஆளுக்கொரு பில் வரும். சிறு வணிகர்களுக்கான எளிய ஜி.எஸ்.டி. முறையான காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. அப்படிப்பட்ட கடையின் பில் ஒன்று வந்துவிட்டால் விவாதம் தானாகவே சூடுபிடிக்கும்.

அடுத்தது மூடிலில் விவாதம் நடக்கும் பகுதியான ஃபோரத்தின் வகை. 'க்யூ அண்ட் ஏ' வகையைத் தேர்ந்தெடுத்தால், தன் பதிலைப் போடாதவருக்குப் பிறர் பதில் தெரியாது. போட்ட பிறகும் திருத்துவதற்கான நேரம், வழக்கமாக 30 நிமிடம், கழிந்தால்தான் தெரியும். இதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 'சர்வர் கோளாறு' என்று போன் வரும். கேள்வியை ஃபோரத்தின் விளக்கப் பகுதியில் எழுதினால் மட்டும் போதாது, தனி விவாதமாகவும் தொடங்க வேண்டும்.

60 பேரை ஒரே இடத்தில் விடாதீர்கள். ஆறு ஆறு பேராகப் பத்துக் குழு பிரித்து 'செபரேட் குரூப்ஸ்' வையுங்கள்; ஒவ்வொரு குழுவும் தன் விவாதத்தை மட்டுமே பார்க்கும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: கேள்வியை 'ஆல் பார்ட்டிசிபன்ட்ஸ்' என்று போட்டால் மாணவர்கள் படிக்கலாம், பதில் எழுத முடியாது. எல்லாக் குழுவுக்கும் நகல் அனுப்பும் பெட்டியில் டிக் செய்யுங்கள்.

கெடு இரண்டு வேண்டும்: சொந்தப் பதிலுக்குப் புதன், மறுமொழிக்கு ஞாயிறு. ஒரே கெடு என்றால் அத்தனையும் ஞாயிறு இரவு வந்து குவியும். யாரும் யாரையும் படிக்க மாட்டார்கள். ஐந்து மதிப்பெண்ணில் பதிலுக்கு 2, மறுமொழிக்கு 3 கொடுங்கள். கணக்கில் பிழை காட்டுவதோ புதுக் கேள்வி கேட்பதோதான் மறுமொழி. 'அருமை' என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

கேள்வி: நேரலை வகுப்பில் எதைக் கேட்டாலும் மௌனம்தான். – விரிவுரையாளர், மதுரை

பதில்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். அது நேரடி வகுப்பில். இணையத்தில் மைக்கைத் திறக்கவும் தட்டச்சு செய்யவும் கூடுதல் நேரம் ஆகும். அரை நிமிடமாவது பொறுங்கள். எல்லோரையும் சாட்டில் விடையைத் தட்டி வைக்கச் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் 'இப்போது' என்ற பிறகே அனுப்ப வேண்டும். முந்திக்கொள்பவரைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் விடையை அழிப்பது இதனால் நிற்கும்.