கிளியின் அலகைத் திறக்கும் காற்று

கேள்வி: கம்ப்யூட்டர் பரவாத காலத்தில் டிஸ்னிலேண்ட் பறவைப் பொம்மைகள் பாட்டுக்கு வாயசைத்தது எப்படி? நாங்கள் செய்த காற்றுக் கிளி மட்டும் மூடுபனி நாளில் அலகைத் திறந்தபடியே நின்றுவிடுகிறதே, ஏன்?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: 1963-இல் டிஸ்னிலேண்டில் திறந்த, பறவைப் பொம்மைகள் பாடும் டிக்கி ரூம் அரங்குக்கு மூளை காந்த நாடாதான். பாட்டோடு கட்டளை ஒலிகளும் அதில் பதிந்திருந்தன. குறிப்பிட்ட ஒலி வந்தால் அதற்கான மெல்லிய உலோக நாக்கு அதிரும். மின்சுற்று மூடும், ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் இழுக்கும், வால்வு திறக்கும், காற்று அலகைத் தள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு! மறு ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் டிஸ்னியின் ஆபிரகாம் லிங்கன் பொம்மை எழுந்து நிற்க, காற்று போதாமல் எண்ணெய் அழுத்தமும் தேவைப்பட்டது.

உங்கள் கிளிக்கு வருவோம். கம்ப்ரெஸரின் அளவுமானி வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் அழுத்தம் என்பதையே காட்டும்; அது 7 பார் (அழுத்த அலகு) காட்டும்போது சமவெளியில் காற்று 8 மடங்கு சுருங்கும். கொடைக்கானல் உயரத்தில் ஏறக்குறைய 10 மடங்கு. இப்படிச் சுருங்கி ஆறும்போது மூடுபனிக் காற்றில் நிறைந்திருக்கும் ஈரத்தின் பெரும்பகுதி தண்ணீராகி வால்வுக்குள் தேங்க, உள்ளே நகரும் தண்டு ஒட்டிக்கொள்கிறது. காற்று வெளியேறாததால் ஸ்பிரிங்கால் அலகை மூட முடியவில்லை. தினமும் மாலையில் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். வால்வுக்கு முன்னால் நீர்பிரிப்பான் ஒன்றை மாட்டி, டியூபை அதை நோக்கிச் சரிவாக இழுங்கள். வால்வின் காற்றுப்போக்கித் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.