முனைவர் பட்டம்: தலைப்பைத் தேடும் முன் வேலையைப் பாருங்கள்

கேள்வி: தாவரவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். முனைவர் பட்டம் செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் நாள் ஒன்று நடந்தது. போய்ப் பார்த்தேன். ஒருவர் ஒரே ஒரு பாசி இனத்தை நான்கு வருடமாக ஆராய்கிறார். இன்னொருவர் பழைய கப்பல்களின் சரக்குப் பதிவேடுகளைப் படிக்கிறார். அடுத்த மேசையில் வெறும் சமன்பாடுகள். ஒருவர் காது கேளாத குழந்தைகளின் சைகைமொழியைப் படம்பிடித்து ஆராய்கிறார். வீடு திரும்பியதும் குழப்பம்தான் மிஞ்சியது. இத்தனை வகைகளில் எனக்குப் பொருந்துவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாவரவியல் போலவே வரலாறும் எனக்குப் பிடிக்கும். ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டுமா? அந்தப் பாசி போன்ற சின்ன விஷயத்துக்கு நான்கு வருடம் தேவையா என்றும் தோன்றுகிறது.

பதில்: ஆய்வுக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் தலைப்பைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் உங்களை வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். அந்த ஆய்வைச் செய்பவர் காலையில் வந்து உட்கார்ந்ததும் அவர் கை எதைத் தொடுகிறது? நுண்ணோக்கியையா, பழைய தாளையா, கணினியையா, வெறும் பேனாவையா? நாள் முழுக்க மனிதர்களோடு பேசுகிறாரா, தனியாக இருக்கிறாரா? தலைப்பின் மேல் உள்ள ஆசை முதல் ஆறு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு அந்த அன்றாட வேலை பிடித்தால்தான் ஓட்ட முடியும்.

என் ஆய்வையே சொல்கிறேன். ஏரியின் அடிச்சேற்றில் படிந்துகிடக்கும் மகரந்தத் துகள்களை வைத்து, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரியைச் சுற்றி என்ன செடிகொடிகள் இருந்தன என்று கண்டறிவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் நான் செய்தது எண்ணும் வேலை. நீளமான குழாயை ஏரிப் படுகையில் இறக்கிச் சேற்றை எடுத்து, அதைச் சென்டிமீட்டர் கணக்கில் வெட்டி, அமிலங்களில் கழுவி, மிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே வரிசை வரிசையாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்குக் குறைந்தது 300 துகள். புல்லின் துகள் உருண்டையாக, ஒரே ஒரு துளையோடு இருக்கும். பைன் மரத்தின் துகளுக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துகளுக்கும் இடது கையில் இருக்கும் எண்ணியில் ஒரு சொடுக்கு. ஒரு நாளில் இரண்டு மாதிரிகளை முடித்தால் அது நல்ல நாள். எனக்கு அந்தச் சொடுக்குச் சத்தம் பிடித்திருந்தது. என்னோடு சேர்ந்த தோழிக்கு, என்னைவிடக் கெட்டிக்காரிக்கு, அது மூச்சுமுட்டியது. ஒரே வருடத்தில் மக்களோடு பழகிச் செய்யும் கள ஆய்வுக்கு மாறினாள். அங்கே போன பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

நீங்கள் பார்த்த மேசைகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஆய்வகத்தில் செய்யும் ஆய்வு என்றால் பெரும்பகுதி ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான். மேரி கியூரி 1903-இல் பாரிஸில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வேட்டுக்குப் பின்னால் டன் கணக்கில் தாதுக்கழிவு இருந்தது. அதைக் கரைத்து, வடித்து, படிகமாக்கி, மறுபடியும் கரைத்து என்று போய், 1902-இல் கையில் மிஞ்சியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. இன்றைக்குக் கருவிகள் மாறிவிட்டன. அந்தப் பொறுமைக்கு மட்டும் இன்னும் மாற்று வரவில்லை.

சமன்பாட்டு மேசையில் இருந்தவரின் வாழ்க்கை இதற்கு நேர்மாறு. அவருக்கு ஒரு மாதம் முழுவதும் எழுதிக் கிழித்த தாள்கள் மட்டுமே மிஞ்சலாம், பிறகு ஒரே நாளில் வழி திறக்கலாம். ஆய்வேட்டின் கனத்தை வைத்து இவர்களை எடைபோடக் கூடாது. ஜான் நாஷ் 1950-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்டக் கோட்பாடு (ஒருவரின் முடிவு மற்றவரின் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் கணிதம்) பற்றிக் கொடுத்த ஆய்வேடு 28 பக்கம்தான். அந்த வேலைக்குத்தான் 1994-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. உடனுக்குடன் பலனைப் பார்த்தால்தான் மனம் நிம்மதி அடையும் என்ற சுபாவம் உங்களுக்கு இருந்தால், இந்தப் பக்கம் போக வேண்டாம்.

பதிவேடு படிப்பவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அவர் சும்மா வாசித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். உண்மையில் அவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கணக்கை எழுதியவர் யார், யாருக்குக் காட்ட எழுதினார், பாதியில் கையெழுத்து ஏன் மாறுகிறது, இந்த மாதத்துப் பக்கம் எங்கே போனது? ஓர் ஆவணம் சொல்வதைப் போலவே அது சொல்லாமல் விட்டதும் சான்றுதான்.

சைகைமொழி ஆய்வாளரின் வேலையில் பாதி, நம்பிக்கையைச் சம்பாதிப்பது. பெற்றோரின் ஒப்புதல், அறநெறிக் குழுவின் அனுமதி, குழந்தையின் மனநிலை எல்லாம் கூடிவர வேண்டும். பதிவான ஒரு மணி நேரக் காட்சியைச் சைகை சைகையாகக் குறித்து முடிக்க எத்தனையோ மணி நேரம் ஆகும். ஆட்களோடு பழகுவதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் இதையும் யோசித்துத்தான் தொட வேண்டும். இவை தவிர, மருத்துவமனையில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பவர்கள், வகுப்பறையிலேயே ஆய்வு செய்யும் ஆசிரியர்கள், நிரல் எழுதிச் சோதிப்பவர்கள், இசையமைத்து அதோடு விளக்கவுரை எழுதிக் கொடுக்கும் கலைஞர்கள் எல்லோரும் அதே பட்டத்துக்குத்தான் உழைக்கிறார்கள். இதுவரை யாரும் அறியாத ஒன்றைச் சேர்த்திருக்கிறோம் என்று சான்றோடு காட்டி, வாய்மொழித் தேர்வில் அதற்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல வேண்டும். அது எல்லோருக்கும் பொது.

இப்போது அந்தப் பாசி. உங்கள் கேள்வியில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். தலைப்பு ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதற்கு ஜோசலின் பெல் பர்னலைப் போல நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவர் 1960-களில் கேம்பிரிட்ஜில் வானியல் ஆய்வு மாணவி. குவாசர்கள் என்ற தொலைதூர ரேடியோ மூலங்களின் அளவைக் கணக்கிடுவது அவர் வேலை. முதல் இரண்டு வருடம் சகாக்களோடு சேர்ந்து தொலைநோக்கியையே கட்டினார்கள். திறந்த வெளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் நட்டு, இடையே கம்பி இழுத்தார்கள். 1967-இல் கருவி ஓடத் தொடங்கியதும் அது தினமும் சுமார் 30 மீட்டர் வரைபடத் தாளைக் கக்கியது. அதை அவர் கண்ணால் பார்த்துப் பார்த்து, இது குவாசர், இது ஏதோ வண்டியின் மின்பொறி என்று பிரித்தார். அப்படிப் பிரிக்கும்போது, ஓர் அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல் எதிலும் சேரவில்லை. அதே கிறுக்கலை வானத்தின் அதே பகுதியில் முன்பும் பார்த்த நினைவு வந்தது. தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, சுமார் 1.3 நொடிக்கு ஒரு துடிப்பு. அதுதான் முதன்முதலில் கண்டறியப்பட்ட பல்சர், அதாவது வேகமாகச் சுழன்றபடி சீரான ரேடியோத் துடிப்புகளாக நமக்குத் தெரியும் விண்மீன்.

புதியதைக் கண்டுபிடிக்க அவர் கிளம்பவில்லை. குறுகிய ஒரு கேள்விக்காக அத்தனை மீட்டர் தாளையும் பார்த்திருந்ததால்தான், எது இயல்பு, எது இயல்பு இல்லை என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய ஆய்வேட்டில் பல்சர் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. பாசியை நான்கு வருடம் பார்த்தவருக்கும் அந்தக் கண் வந்திருக்கும். அது மழைக்கு முன் எப்படி இருக்கும், காற்றில் நச்சு கூடினால் எந்த ஓரம் முதலில் கருகும் என்று அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அவரை மறுபடியும் போய்ப் பார்த்து இதைக் கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் உங்களுக்கு நேரம் போதாது.

அடுத்து, தாவரவியலா வரலாறா. ஒன்றை விட வேண்டியதில்லை. நான் எண்ணிய துகள்களே இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தன. மகரந்தத்தின் வெளிச்சுவர் மிகக் கடினமானது, காற்றுப் புகாத சேற்றில் எளிதில் அழியாது. ஓர் அடுக்கில் மரங்களின் துகள் குறைந்து, தானியப் பயிர்களின் பெரிய துகள்களும் கரித்துணுக்குகளும் கூடுகின்றன என்றால், அங்கே யாரோ காட்டை எரித்துப் பயிர் வைத்திருக்கலாம். எழுத்தே இல்லாத காலத்துக்கும் இது ஒரு பதிவேடு. இன்னொன்று. 1840-களில் அயர்லாந்தில் பஞ்சத்தை உண்டாக்கிய உருளைக்கிழங்கு நோய்க்கு எந்த வகைக் கிருமி காரணம் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் யாரோ உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்த, நோய் தாக்கிய இலைகளிலிருந்து அந்தக் கிருமியின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துச் செய்த வேலை அது. தகவல் கோட்பாட்டால் புகழ்பெற்ற கிளாட் ஷானன்கூட 1940-இல் முனைவர் பட்டம் வாங்கியது, மரபியலை இயற்கணிதத்தில் எழுதிக் காட்டியதற்காக.

ஆனால் இரண்டு துறைகளின் நடுவில் நிற்பவர் இரண்டின் கைவேலையையும் கற்க வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது கூடுதலாகச் செலவாகும். இரண்டாவது துறையிலிருந்து ஒரு இணை நெறியாளர் கட்டாயம் வேண்டும், பெயருக்கு இல்லாமல் உங்கள் அத்தியாயங்களைப் படிக்கிறவராக. ஆய்வேட்டை எந்தத் துறையின் தேர்வாளர்கள் படிப்பார்கள் என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் விட்டுக் கடைசியில் தவித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி அடுத்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியது. பல்கலைக்கழக நூலகத்தில் முடிந்துபோன ஆய்வேடுகள் மூன்றை எடுங்கள், மூன்றும் வேறு வேறு வகையாக இருக்கட்டும். முன்னுரையைத் தள்ளிவிட்டு, ஆய்வுமுறை அத்தியாயத்தையும் பின்னிணைப்பையும் படியுங்கள். வேலை எப்படி நடந்தது என்பது அங்கேதான் தெரியும். அந்த அட்டவணைகளைப் பார்க்கும்போது இதை நானும் செய்திருப்பேன் என்று தோன்றுகிறதா, கண் தானாகப் பக்கத்தைத் தாண்டுகிறதா? பிறகு இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். முதலாண்டுக்காரர்களிடம் உற்சாகம் மட்டுமே கிடைக்கும், கடைசி ஆண்டுக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது. உங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்களிடம் தயார் பதில் இருக்கும். நேற்றுக் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். போன வருடம் எந்த வேலை வீணாய்ப் போனது, அப்போது நெறியாளர் என்ன சொன்னார் என்றும் கேளுங்கள். முடிந்தால் ஒரு முழு நாள் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள்.

நெறியாளரிடமும் கூச்சப்படாமல் கேட்கலாம்: உங்களிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், உதவித்தொகை நின்ற பிறகு என்ன ஏற்பாடு, கட்டுரையில் பெயர் வரிசை எப்படி முடிவாகும்? பல்சருக்காக 1974-இல் நோபல் பரிசு பெற்றது பெல் பர்னலின் நெறியாளர், அவர் அல்ல. பெயர் வரிசையைத் தொடக்கத்திலேயே பேசிவைப்பது பேராசை ஆகாது. இந்தக் கேள்விகளால் முகம் சுளிக்கிறவரிடம், தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், சேர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, உங்களுக்கென்றே ஒன்று. உலர்தாவரத் தொகுப்பு வைத்திருக்கும் இடம் எதுவானாலும், அனுமதி வாங்கி ஒரு நாள் அங்கே போய் உட்காருங்கள். பழைய தாள்களாகப் பார்த்து இருபது எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் நடுவே அழுத்தி ஒட்டிய செடி இருக்கும், கீழ் மூலையில் அதைப் பறித்தவரின் பெயரும் தேதியும் இடமும் மங்கிய மையில் இருக்கும். தாளைத் திருப்பியதும் உங்கள் கண் முதலில் இலையின் நரம்புக்குப் போகிறதா, மூலையில் இருக்கும் கையெழுத்துக்குப் போகிறதா என்று கவனியுங்கள். இருபதையும் பார்த்து முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள். நெறியாளரிடம் எந்தக் கேள்வியோடு போவது என்று அதை வைத்துப் பேசலாம்.